கோப்பிக்குத் தெரு, நெல்லுக்கு வரி: 19ஆம் நூற்றாண்டு இலங்கையில் பொதுவேலையும் அரச வருமானமும்

1864 நவம்பர் 15ஆம் திகதி இலங்கைச் சட்டநிரூபண சபையின் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்கள் கூட்டாகப் பதவி துறந்தார்கள். உத்தியோகத்தரே பெரும்பான்மையாக இருந்த அந்தச் சபையில் மற்றவர்களுக்கு ஆறே இடங்கள். அவற்றில் மூன்று ஐரோப்பியருக்கு. சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோருக்கு ஒவ்வொன்று. வாக்கெடுப்பில் எந்நாளும் வெல்லமுடியாத அந்தச் சிறு தொகையினர் விலகிப்போவதன் மூலமே தங்கள் பேச்சை இலண்டன்வரை கேட்கவைத்தார்கள். கோப்பி வணிகரான ஜார்ஜ் வாலும் பறங்கியர் பிரதிநிதியான சார்ள்ஸ் அம்புரோஸ் லோரென்சும் முன்னின்றார்கள். தீவில் இருந்த படையின் செலவை இலங்கையின் வருமானத்திலிருந்தே கட்டவேண்டும் என்று இலண்டன் பணித்தது. அந்தத் தொகையை நிர்ணயிப்பதில் சபைக்குப் பேச்சில்லை என்றும் ஆகிவிட்டது. தகராறு இதுதான்.

திறைசேரி அப்போது வற்றிக் கிடக்கவில்லை. 1850களின் நடுவில் 5 லட்சம் பவுணை எட்டாதிருந்த ஆண்டு வருமானம் பத்தே ஆண்டில் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. மிஞ்சும் பணம் பட்டாளத்துக்குப் போவதா, தெருவுக்கும் பாலத்துக்கும் போவதா என்பதே கேள்வி. பதவி துறந்தவர்கள் மறு ஆண்டு தொடங்கிய ‘இலங்கை லீக்’, வருமானத்தைத் தருபவர்களின் கையில் செலவின் பிடி இருக்கவேண்டும் என்று கேட்டது.

கேட்பதற்கு நியாயமான கோரிக்கை. ஆனால் அந்த வருமானத்தைத் தந்தவர்கள் யார்? கோப்பித் தோட்டக்காரர்கள் தாங்களே என்றார்கள். வரவுக் கணக்கின் ஒவ்வொரு வரியையும் அது வந்த இடம்வரை தொடர்ந்து போனால் வேறு முகங்கள் தெரிகின்றன. 19ஆம் நூற்றாண்டு இலங்கையில் பொதுவேலைச் செலவு, பணம் எங்கே விரைவாகத் திரும்பி வருமோ அங்கே போனது. அந்தச் செலவுக்கான வரியோ, எங்கே எளிதாகப் பிடுங்கலாமோ அங்கேயிருந்து வந்தது. இரண்டும் ஒரே இடமாக இருந்தது அரிது.

கணக்கில் ஏறாத உழைப்பு

1815இல் கண்டி அரசு வீழ்ந்தது. 1817–18 கிளர்ச்சியை அடக்குவதற்குள் ஆங்கிலேயருக்கு ஒன்று தெளிவாகிவிட்டது: தெரு இல்லாத மலைநாட்டைப் படையால் பிடிக்கலாம், வைத்திருக்க முடியாது. ஆளுநர் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பு–கண்டித் தெருவை 1820இல் தொடங்கியது இந்த இராணுவத் தேவைக்காகத்தான். கடுகண்ணாவைக் கணவாயில் மலையைக் குடைந்து பாதை போட்டார்கள். அந்த வேலையை நடத்திய கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் பெயரில் எழுப்பிய கோபுரம் கணவாயில் இன்றும் நிற்கிறது. 1833இல் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே முதிரை மரத்தால் 205 அடி நீளத்தில், ஆற்றுக்குள் ஒரு தூணும் இல்லாமல், ஒரே வளைவில் பாலம் கட்டினார்கள். ஆணியோ திருகாணியோ அடிக்காமல் மரத்தோடு மரத்தைப் பொருத்திக் கட்டிய அந்தப் பாலத்தைப் பார்க்க வெளிநாட்டார் வந்து போனார்கள்.

இந்தத் தெருக்களின் செலவைத் திறைசேரிக் கணக்கில் தேடினால் சிறு தொகைதான் கிடைக்கும். பெருஞ்செலவான உழைப்பு, இராசகாரியம் என்ற பெயரில் கூலியின்றி வந்தது. அரசனிடம் நிலம் பெற்ற குடிகள் அதற்கு ஈடாகச் செய்துவந்த ஊழியத்தை ஆங்கில அரசு அப்படியே தன் கையில் எடுத்துக்கொண்டது. அரசன் காலத்தில் அந்த ஊழியத்துக்கு எல்லையும் பருவமும் உண்டு. குளக்கட்டும் வாய்க்காலும் ஊராருக்கே பயன்பட்டவை. பார்ன்ஸ் காலத்திலோ கிராமத்தவரை ஊரைவிட்டு நெடுந்தூரம் கொண்டுபோய், வயல் வேலை நடக்கும் பருவம் என்றும் பாராமல் பாறை உடைக்க விட்டார்கள்.

ஆட்சிமுறையை ஆராய இலண்டன் அனுப்பிய கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1832 ஏப்ரலில் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. மனிதாபிமானம் மட்டும் அதற்குக் காரணமல்ல. தனியார் முதல் வந்து தொழில் தொடங்க வேண்டுமானால் கூலிக்கு வரும் ஆட்கள் வேண்டும். ஊழியத்தில் கட்டுண்ட குடிகள் அதற்கு உதவமாட்டார்கள். ஒழித்ததன் விளைவுகள் இரண்டு. தெருவேலைக்கு இனி காசு கொடுக்கவேண்டும் என்பது ஒன்று. மற்றதை அப்போது யாரும் அதிகம் எண்ணிப்பார்க்கவில்லை. குளக்கட்டு உடைந்தால் ஊரைக் கூட்டி மண் போடவைக்கும் சட்ட பலமும் இராசகாரியத்தோடு போய்விட்டது. அடுத்த கால் நூற்றாண்டில் உலர்வலயத்துச் சிறுகுளங்கள் பல தூர்ந்துபோனதற்கு இதையே காரணமாகச் சொன்னார்கள் பிந்திய அதிகாரிகள்.

நிலம் விற்ற வரவு

இராசகாரியம் போன மறு ஆண்டே கறுவா ஏகபோகத்தையும் அரசு கைவிட்டது. மன்னார்க் கரையில் 1835, 36, 37 ஆகிய ஆண்டுகளில் முத்துக்குளிப்பு நடந்து திறைசேரிக்கு நல்ல பணம் வந்தது. பிறகு சிப்பித் திடல்கள் வெறுமையாகி, 1855 வரை குளிப்பே நடக்கவில்லை. அரசுக்கு நிலையான வரவு ஒன்று தேவைப்பட்ட அந்த வேளையில் கோப்பி வந்து சேர்ந்தது. 1835இல் பிரித்தானியா இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் ஒரே இறக்குமதித் தீர்வை என்று ஆக்கியதும், மலைநாட்டுக் காட்டுக்குக் கேள்வி எழுந்தது.

அந்தக் காடு யாருடையது என்பதை 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் தீர்த்துவைத்தது. உறுதி காட்டமுடியாத காடும் தரிசும் முடிக்குரியவை எனக் கொள்ளப்பட்டன. சேனை வெட்டவும் மாடு மேய்க்கவும் விறகு எடுக்கவும் தலைமுறைகளாகக் காட்டுக்குள் போய்வந்த கிராமத்தவனிடம் உறுதி ஏது? ஏக்கர் 5 ஷிலிங் என்ற விலையில் தொடங்கி நிலம் விற்பனையானது. வாங்கியவர்களில் ஆளுநரும் நீதிபதிகளும் படை அதிகாரிகளும் சிவில் சேவையின் மேல்மட்டத்தினரும் இருந்தார்கள். 1844இல்தான் குறைந்தபட்ச விலை ஏக்கருக்கு ஒரு பவுண் ஆனது.

காணி விற்ற பணம் ஆண்டு வருமானத்தில் வரவாக வைக்கப்பட்டது. ஒருமுறை விற்றால் மறுமுறை விற்கமுடியாத சொத்தை விற்றுவிட்டு அதை ‘வருமான வளர்ச்சி’ என்று காட்டினார்கள். அந்தப் பணத்தில் போட்ட தெரு புதிய காடுகளைத் திறந்தது. திறந்த காட்டை மறுபடி விற்றார்கள். தெருவும் நிலவிற்பனையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மேலே ஏறின. கோப்பி விலை ஏறும்வரைதான் இந்த ஏற்றம் நிலைக்கும். 1847இல் பிரித்தானிய வணிக நெருக்கடியோடு விலை சரிந்தது. தோட்டங்கள் அடிமாட்டு விலைக்குப் போயின, திறைசேரியும் தள்ளாடியது.

ஆறு நாள் வேலை, அல்லது மூன்று ஷிலிங்

இந்த நெருக்கடிக்கு நடுவே ஆளுநராக வந்தவர் டொரிங்டன் பிரபு. குடியேற்றநாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ட் 1846இல் எழுதிய நிதி அறிக்கை, ஏற்றுமதித் தீர்வைகளைக் குறைத்து நேர்வரிகளுக்கு மாறவேண்டும் என்றது. வணிகத்துக்குச் சலுகை கொடுத்து ஏற்பட்ட துண்டை எப்படி அடைப்பது? 1848இல் விடை வந்தது. துப்பாக்கிக்கு ஆண்டுக்கு 2½ ஷிலிங் அனுமதிக் கட்டணம், நாய்க்கு 1 ஷிலிங், கடைக்கு உரிமக் கட்டணம், பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை. இவற்றோடு தெருச் சட்டம்: உடல் வலுவுள்ள ஒவ்வோர் ஆணும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவில் வேலை செய்யவேண்டும், இல்லாவிட்டால் 3 ஷிலிங் கட்டவேண்டும்.

மலைநாட்டுக் கிராமத்தவன் கண்ணால் இதைப் பார்க்கவேண்டும். துப்பாக்கி அவனுக்குச் சேனைப் பயிரைப் பன்றியிடமிருந்து காக்கும் கருவி. நாய் காவல். பதினாறு ஆண்டுக்கு முன் ஒழிந்ததாகச் சொன்ன இராசகாரியம் இப்போது வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது. போடப்போகும் தெருவோ அவன் ஊருக்குப் போவதல்ல. அவன் காடாக இருந்த மலையில் எழுந்த தோட்டத்துக்குப் போவது. பிக்குகளையும் தெருவேலைக்கு உட்படுத்தியது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. கையில் காசு புழங்காத பொருளாதாரத்தில் 3 ஷிலிங் என்பது சிறு தொகை அல்ல.

1848 ஜூலை தொடக்கத்தில் கண்டிக் கச்சேரியின் முன் கூட்டம் கூடியது. மாதக் கடைசியில் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். மாத்தளை, குருநாகல் பகுதிகளில் கலகம் மூண்டது. இராணுவச் சட்டம் வந்தது. ஆகஸ்ட் 8ஆம் திகதி கலகத் தலைவர்களில் ஒருவனான புரன் அப்பு சுட்டுக்கொல்லப்பட்டான். அடக்குமுறையின் கடுமை பிரித்தானியப் பாராளுமன்றம்வரை எட்டி, விசாரணைக்குழு அமர்ந்தது. 1850இல் டொரிங்டன் திருப்பியழைக்கப்பட்டார்.

புதிய வரிகளில் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. தெருச் சட்டம் மட்டும் நிலைத்தது. மக்கள் அதைத் தலைவரி என்றே அழைத்தார்கள். கலகத்துக்குக் காரணமான வரிகளில் எது அரசுக்கு இன்றியமையாதது என்பதை இது காட்டுகிறது. நாய்க்கும் துப்பாக்கிக்கும் வரி இல்லாமல் அரசு நடத்தலாம். தெரு இல்லாமல் நடத்த முடியாது.

அந்தத் தெருக்களை அரை நூற்றாண்டு போட்டவர் தோமஸ் ஸ்கின்னர். சிறுவனாகப் படையில் சேர்ந்து, பதினாறு வயதில் கண்டித் தெருவின் ஒரு பகுதியைப் பொறுப்பேற்றவர். பொறியியல் படிப்பு அவருக்கு இல்லை. வேலையிலிருந்தே தொழிலைக் கற்றார். 1867இல் அவர் ஓய்வு பெற்றபோது தீவில் ஏறத்தாழ 3,000 மைல் தெரு இருந்தது. தெருவேலைக்கான அவருடைய பயனியர் படையில் தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலிகள் திரளாக இருந்தார்கள்.

ரயிலின் விலை

கோப்பியைக் கீழே இறக்குவது மாட்டுவண்டியின் வேலை. கண்டியிலிருந்து கொழும்புக்கு மூட்டை வந்துசேர வாரக்கணக்கில் ஆகும். மழையில் தெரு சேறாகும், மாட்டுக்கு நோய் வரும், வழியில் மூட்டையின் கனம் குறையும். ரயில் வேண்டும் என்று தோட்டக்காரர்கள் 1840களிலேயே கேட்டார்கள். 1845இல் இலண்டனில் தொடங்கிய கம்பனியை 1847 நெருக்கடி முடக்கிப்போட்டது.

1855இல் ஆளுநராக வந்த ஹென்றி வார்ட் அதை மறுபடி எழுப்பினார். 1856 உடன்பாட்டின்படி கம்பனியின் 8 லட்சம் பவுண் முதலுக்கு இலங்கை அரசு 6 வீத வட்டிக்கு உத்தரவாதம் கொடுத்தது. இந்தியாவில் ரயில் கம்பனிகளுக்குக் கொடுத்த 5 வீதத்தைவிட இது அதிகம். இலாபம் வந்தால் கம்பனிக்கு. நட்டம் வந்தால் இலங்கையின் வரிப்பணத்துக்கு. 1857இல் கப்டன் மூர்சம் மலைப்பாதையை அளந்து 8½ லட்சம் பவுணளவில் செலவாகும் என்றார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வார்ட் முதல் மண் வெட்டினார். அதன்பின் கம்பனியின் பொறியியலாளர் போட்ட கணக்கு 20 லட்சத்தைத் தாண்டியது.

இங்கே இலங்கை அரசு எடுத்த முடிவு கவனிக்கத்தக்கது. கம்பனியை விலக்கிவிட்டு, வேலையைத் தானே ஏற்றுக்கொண்டு, கடன் வாங்கிக் கட்டுவது என்று முடிவாயிற்று. 1863இல் ஃபேவியல் என்ற ஒப்பந்தக்காரருக்குச் சுமார் 8 லட்சத்து 73 ஆயிரம் பவுணுக்கு வேலை கொடுக்கப்பட்டது. 1865இல் அம்பேபுசை வரையும், 1867 ஆகஸ்டில் கண்டி வரையும் ரயில் ஓடியது. கடுகண்ணாவை ஏற்றத்தில் பாதை 45 அடிக்கு ஓர் அடி வீதம் மலையில் ஏறுகிறது. அந்த ஏற்றத்தில் காய்ச்சலில் இறந்த கூலிகள் ஏராளம். எல்லாம் சேர்த்துப் பார்க்க, தீவின் முதல் 75 மைல் ரயிலுக்கு ஏறத்தாழ 17 லட்சம் பவுண் ஆயிற்று.

தோட்டக்காரர்களுக்கு நியாயம் செய்யவேண்டிய இடமும் இதுதான். ரயிலுக்காகத் தங்கள் கோப்பிமேல் ஏற்றுமதித் தீர்வை விதிக்க அவர்கள் இசைந்தார்கள். தோட்டங்களுக்குப் போகும் கிளைத் தெருக்களுக்கு 1860களில் வந்த சட்டப்படி பாதிச் செலவைத் தாங்களே ஏற்றார்கள். அரசு மறுபாதியைப் போட்டது. ‘நாங்கள் கேட்கிறோம், நாங்களே கொடுக்கிறோம்’ என்று அவர்கள் சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் பாதிப் பணம் போட வல்லவனுக்கே தெரு கிடைக்கும் என்ற ஏற்பாட்டில், பாதிப் பணம் போடமுடியாத ஊர் தலைவரி கட்டியபடியே காத்திருந்தது.

அரிசியும் சாராயமும்

வரவுக் கணக்கில் பெரிய வரி சுங்கம். சுங்கத்தில் பெரியது இறக்குமதி அரிசித் தீர்வை. துறைமுகத்தில் அதைக் கட்டியவர் வணிகர். அரிசியை உண்டவர் யார் என்று பார்த்தால் கணக்கு மாறும்.

இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருச்சி, மதுரை, சேலம் பகுதிகளிலிருந்து கங்காணிகளின் பின்னே வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கினார்கள். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைவரை சுமார் 150 மைல் நடந்தார்கள். வறண்ட காட்டு வழி, கிணறு அரிது, காய்ச்சலும் வாந்திபேதியும் கூடவே வந்தன. வழியில் விழுந்து மடிந்தவர் பல்லாயிரம். கோப்பித் தெருக்களுக்குப் பணம் பாய்ந்த அதே ஆண்டுகளில், கோப்பிக்கு ஆள் வந்த இந்த வடக்குத் தெருவில் கிணறும் தங்குமடமும் ஆஸ்பத்திரியும் தட்டுத்தடுமாறியே வந்தன. வார்ட் காலத்தில் 1858இல்தான் வந்தேறு தொழிலாளரைக் கவனிக்கச் சட்டப்படி ஓர் ஏற்பாடு உண்டானது. 1899இல் தட்டப்பாறை முகாம் வழி திறக்கப்படும்வரை வடக்குத் தெருவே அவர்களின் முதன்மைப் பாதை.

தோட்டத்துக்கு வந்துசேர்ந்தவனுக்குத் துரை அரிசி கொடுப்பார். விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார். அந்த விலைக்குள் துறைமுகத்தில் கட்டிய தீர்வையும் இருக்கும். ஆகவே ஒவ்வொரு நாளும் சோற்றுப் பானையில் வரி கட்டியவர் இந்தத் தொழிலாளர். கணக்கில் அது தோட்டத் தொழிலின் பங்களிப்பாகத் தெரிந்தது. இலங்கை வருமானத்தில் தங்கள் தொழிலால் வருவது இவ்வளவு என்று தோட்டக்காரர்கள் சபையில் எடுத்துக்காட்டியபோது, அதற்குள் கூலியின் அரிசியும் அடக்கம்.

சாராயம் இன்னொரு பெரிய வரவு. ஒவ்வொரு மாவட்டத்திலும் சாராயம் விற்கும் உரிமையை அரசு ஏலம் விட்டது. ஏலம் எடுத்த குத்தகைக்காரர் தவறணைகளைத் திறந்து, கீழ்க்குத்தகைக்கும் விட்டார். கட்டிய பணத்தை எடுக்க ஊர்தோறும் குடியைப் பரப்புவது அவருடைய தொழில் தேவை. கண்டிச் சீமையில் முன்பு அரிதாயிருந்த குடிப்பழக்கத்தை அரசின் சாராயக் குத்தகையே வளர்த்துவிட்டது என்று 1849இல் எழுதிக்கொடுத்தவர் வேறு யாருமல்ல, தெருப் போட்ட ஸ்கின்னரேதான். அவர் போட்ட தெருவழியே கோப்பி கீழே இறங்கியது. சாராயப் பீப்பாய் மேலே ஏறியது. தெருவில் போகும் வண்டிக்கு வழிச்சுங்கம் வாங்கும் உரிமையும் ஏலத்தில்தான் போனது. சாராயக் குத்தகையிலும் வழிச்சுங்கக் குத்தகையிலும் பணம் சேர்த்த கரையோரச் சிங்களக் குடும்பங்கள் பல பிறகு தோட்ட உடைமையாளராயின. குடியேற்றநாட்டு வரிமுறை உள்ளூரிலும் ஒரு முதலாளி வகுப்பை வளர்த்துவிட்டது.

குளத்துக்கு வந்த முறை

நெல்வரி அரசர் காலத்து வழக்கம் என்று சொல்லி ஆங்கில அரசு அதைத் தொடர்ந்தது. பொதுவாக விளைச்சலில் பத்தில் ஒன்று. பயிரிடும் நிலங்களில் தானியம் விளையும் நிலத்துக்கு மட்டும் வரி. கோப்பித் தோட்டத்துக்கு அப்படி ஒரு நிலவரி கிடையாது. ஆக, நெல் விளைவித்தவன் நெல்வரி கட்டினான், தலைவரி கட்டினான், உப்பு ஏகபோகத்தின் விலையும் கட்டினான். பதிலுக்கு அவனுக்குத் தேவைப்பட்டது குளம்.

வார்ட் இதைப் புரிந்துகொண்டவர். ஊவாப் பகுதியின் அணைகளையும் வாய்க்கால்களையும் பற்றி ஜோன் பெய்லி 1855இல் எழுதிய அறிக்கை, பழைய ஊர் வழக்கத்துக்குச் சட்ட பலம் கொடுத்தால் மக்களே தங்கள் நீர்ப்பாசனத்தைக் காத்துக்கொள்வார்கள் என்றது. 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நீர்ப்பங்கீட்டு வழக்கங்களை ஊர்க்கூட்டம் அமலாக்க இடம் கொடுத்தது. இராசகாரியத்தோடு போன அதிகாரத்தில் ஒரு பகுதி இப்படி ஊரின் கைக்குத் திரும்பியது. கிழக்கு மாகாணத்தில் இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டன. மட்டக்களப்புப் பகுதியின் தமிழ், முஸ்லிம் உழவர்களின் வயல் பரப்பு விரிந்தது. தண்ணீர் கொடுத்தால் நெல்லும் வருமானம் தரும் என்பதை இந்த வேலைகள் காட்டின.

வார்ட் போனபின் ரயில் கடனின் நிழலில் குளங்கள் மறக்கப்பட்டன. 1872இல் ஆளுநராக வந்த வில்லியம் கிரெகரி மறுபடி அவற்றை எடுத்தார். பறங்கி நோயும் பஞ்சமும் தின்றுகொண்டிருந்த நுவரகலாவியைப் பிரித்து 1873இல் வடமத்திய மாகாணமாக்கினார். கிராமக் குளங்களுக்கு ஊரார் மண் வேலை செய்யவேண்டும். மதகும் கலிங்கும் அரசு போடும் என்பது ஏற்பாடு. ஆளுநர் ஆர்தர் கோர்டன் காலத்தில் கலாவெவக் குளம் 1887இல் மறுபடி நிரம்பியது. அதே ஆண்டு மத்திய நீர்ப்பாசனச் சபை அமைந்தது; நெல்வரி வருமானத்தில் கால் பங்கு நீர்ப்பாசனத்துக்கென ஒதுக்கப்பட்டது.

கால் பங்கு என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய கொடை போலத் தோன்றலாம். மறுபக்கம் பார்த்தால், உழவனிடம் வாங்கியதில் முக்கால் பங்கு இதுவரை போலவே வேறு வேலைக்குப் போகும் என்பதே அதன் பொருள். தோட்டக்காரனின் ஏற்றுமதித் தீர்வை ரயிலாக அவனிடமே திரும்பியதற்கும், உழவனின் வரியில் கால் பங்கு மட்டும் குளமாகத் திரும்பியதற்கும் உள்ள வேறுபாட்டில்தான் அந்த வரவுசெலவின் முழு ஒழுங்கும் இருக்கிறது.

இலைநோய்க்குப் பின்

1869இல் மடுல்சீமைப் பக்கத்தில் கோப்பி இலையின் அடியில் மஞ்சள் பொடி படிந்த புள்ளிகள் தென்பட்டன. பத்தாண்டில் அந்தப் பூஞ்சணம் தொழிலையே தின்றது. 1877இல் 1 கோடியே 70 லட்சம் ரூபாய் அளவில் இருந்த அரச வருமானம் 1882இல் 1 கோடியே 20 லட்சம் அளவுக்கு இறங்கியது. 1884இல் ஓரியண்டல் வங்கி விழுந்தது. அதன் நோட்டுகளுக்கு அரசே பொறுப்பு என்று கோர்டன் அறிவித்துப் பீதியைத் தணித்தார். அந்த ஆண்டுகளிலும் நிற்காமல் நடந்த பெரும் வேலை கொழும்புத் துறைமுக அலைதாங்கி. சூயெஸ் திறந்தபின் கப்பல் வழி மாறியதால், 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் முதல் கல் வைத்த அந்த வேலை 1885இல் முடிந்தது. அதற்கு மகரைக் கல்லுடைப்பில் கல் உடைத்தவர்கள் சிறைக் கைதிகள். கப்பல் கட்டணத்தால் கடன் அடையும் என்ற கணக்கு பொய்க்கவில்லை.

மலைநாட்டுக் கிராமத்தவனின் வீட்டுத் தோட்டத்திலும் கோப்பி இருந்தது. நெல்வரியைக் காசாக மாற்றிக் கட்டவேண்டிய ஏற்பாட்டில் அந்தக் காசைக் கொடுத்தது வீட்டுக் கோப்பி. இலைநோய் அதையும் அழித்தது; வரி மட்டும் குறையவில்லை. 1880களின் முற்பகுதியில் வலப்பனைப் பகுதியில் சில்லறைப் பாக்கிக்காக வயல்கள் ஏலத்துக்குப் போயின. குடும்பங்கள் ஊரைவிட்டுப் போயின. பசியால் இறந்தவர்களும் உண்டு. இதை அம்பலப்படுத்தியவர் அங்கே உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர். நீர்ப்பாசன ஒதுக்கீடு நெல்வரியில் தங்கியிருந்ததால் கோர்டன் வரியைக் காத்து நின்றார். அதை எதிர்த்து எழுதியும் பேசியும் வந்தவர்களில், 1864இல் சபையை விட்டு வெளியேறிய ஜார்ஜ் வாலும் ஒருவர். செலவு யார் கையில் என்று கேட்டவர், கால் நூற்றாண்டுக்குப் பின் வரி யார் தலையில் என்று கேட்கவேண்டியிருந்தது.

ஹவ்லொக் ஆளுநராக இருந்தபோது, 1892 முடிவோடு நெல்வரி ஒழிந்தது. இறக்குமதி அரிசித் தீர்வை ஒழியவில்லை. உள்ளூர் உழவனுக்கு வந்த விடுதலை தோட்டத் தொழிலாளிக்கு எட்டவில்லை. கோப்பியின் இடத்தில் தேயிலை வந்தபின்னும் அவன் சோற்றில் வரி இருந்தது.

எதைப் பயன் என்றார்கள்

இந்த நூற்றாண்டை வெறும் சுரண்டல் என்று ஒரு சொல்லில் முடித்தால் பல உண்மைகள் தப்பிவிடும். தெருக்கள் வந்தன, பஞ்சகாலத்தில் அரிசி அவற்றின் வழியே போனது. 6 வீத உத்தரவாதத்தில் சிக்கவிருந்த ரயிலை அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டதால் அதன் இலாபம் இலண்டன் பங்குதாரரிடம் போகாமல் தீவிலேயே தங்கி, அடுத்த பாதைகளுக்கு உதவியது. குளங்கள் சில மீண்டும் நிரம்பின.

ஆனால் பயன் என்பதை அளந்த கோல் ஒன்றுதான். ஒரு வேலை எத்தனை ஆண்டில் தன் செலவைத் திறைசேரிக்குத் திருப்பித்தரும்? கோப்பி வண்டியின் சுங்கமும் ரயில் கட்டணமும் மாதாமாதம் கணக்கில் விழும். குளம் தரும் பலன் ஊரார் வயிற்றிலும் அடுத்த தலைமுறையின் உடல்நலத்திலும் விழும்; அதற்குப் பேரேட்டில் பத்தி இல்லை. ஆகையால் ரயில் 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1880இல் மாத்தளைக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் ஏறியது. யாழ்ப்பாணக் குடாநாட்டையும் கொழும்பையும் இணைக்கும் வடபாதை முழுமையாகத் திறக்க 1905 ஆயிற்று. மலையில் ஒவ்வொரு தோட்டத்தையும் தேடிப்போன பாதை, தலைவரி கட்டிய வடபுலத்தைக் கடைசியில்தான் வந்தடைந்தது.

அந்தக் காலத்து ஆண்டறிக்கைகள் செலவைத் தெரு வாரியாகவும், வரவை வரி வாரியாகவும் தனித்தனிப் பக்கத்தில் தருகின்றன. இரண்டையும் மாவட்ட வாரியாகவும் மக்கள் வாரியாகவும் அருகருகே வைக்கும் பக்கம் அவற்றில் இல்லை. அந்தப் பக்கத்தை எழுதியிருந்தால் ஒதுக்கீடுகளைச் சபையில் நியாயப்படுத்துவது கடினமாகியிருக்கும். குடியேற்றநாட்டுப் பொதுவேலைகளைப் பற்றி இன்று எழுதுவோர் பாலங்களின் நீளத்தையும் பாதைகளின் மைலையும் எண்ணுவதோடு நின்றுவிட்டால், அந்த அறிக்கைகள் பிரித்துவைத்ததைப் பிரிந்தபடியே விட்டுவிடுவோம்.